பருவுக்கு மூலிகை ஜெல்: எது கெட்டால் எங்கே பார்ப்பது

டிசம்பர் தாண்டினால் போதும், எங்கள் ஆய்வகத்தில் பச்சையும் மஞ்சளுமாக பீக்கர்கள் வரிசை கட்ட ஆரம்பித்துவிடும். பி.ஃபார்ம் இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் முகப்பருவுக்கான மூலிகை ஜெல் இல்லாத வருடமே கிடையாது. வேப்பிலை, மஞ்சள், சோற்றுக்கற்றாழை, குப்பைமேனி என்று மூலிகை மாறும். வருகிற கோளாறுகள் மட்டும் மாறுவதில்லை. "மேடம், ஜெல் தண்ணியாயிடுச்சு" என்று பீக்கரைச் சாய்த்துக் காட்டும் முகங்களை இத்தனை வருடம் பார்த்துவிட்டதால், கோளாறு வாரியாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

அதற்கு முன்னால் ஒன்று. மூலிகை ஜெல் செய்யும் ஒவ்வொரு முறையும் பக்கத்திலேயே ஒரு வெற்று ஜெல்லும் செய்யுங்கள். அதே கார்போபால் (ஜெல்லைக் கெட்டியாக்கும் பொடி), அதே தண்ணீர், அதே பாரபென் (கெடாமல் காக்கும் பதப்பொருள்), அதே பிஎச் (அமில-கார அளவு), அதே நாள், அதே கை. எக்ஸ்ட்ராக்ட், அதாவது மூலிகையிலிருந்து பிரித்தெடுத்த சாரம், மட்டும் கிடையாது. கோளாறு இரண்டிலும் இருந்தால் பிசகு அடிப்படை ஜெல்லில். மூலிகை ஜெல்லில் மட்டும் இருந்தால் எக்ஸ்ட்ராக்டில். ஒரு கிராம் கார்போபாலை மிச்சம் பிடிக்கிறேன் என்று இதைத் தவிர்த்த மாணவர்கள், பிறகு மூன்று வாரம் இருட்டில் தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பேச்சுக்கு ஒரு அளவு வைத்துக்கொள்வோம். 100 கிராம் ஜெல்லுக்கு கார்போபால் 940 ஒரு கிராம், கரைப்பானாகப் புரோப்பிலீன் கிளைக்கால் 5 கிராம், மெத்தில் பாரபென் 0.18 கிராம், புரோப்பில் பாரபென் 0.02 கிராம், எக்ஸ்ட்ராக்ட் 1 முதல் 2 கிராம். பிஎச் 6 வரும்வரை ட்ரைஎத்தனோலமைன் என்ற காரம், சுருக்கமாக டீ.ஈ.ஏ. மீதி காய்ச்சி வடித்த நீர்.

கட்டி கட்டியாக நிற்கிறது

கார்போபால் பொடியை மொத்தமாகத் தண்ணீரில் கொட்டியிருப்பீர்கள். கொதிக்கிற தண்ணீரில் ரவையை ஒரே கொட்டாகக் கொட்டினால் உப்புமா என்ன ஆகும்? அதே கதைதான். பொடி உருண்டையின் வெளிப்புறம் ஊறி வழவழப்பாக மூடிக்கொள்ளும், உள்ளே தண்ணீர் போகாது, நடுவில் வெள்ளையாக உலர்ந்த பொடி அப்படியே இருக்கும். மீன் கண் என்று இதற்குப் பெயர்.

வழி எளிது. டீ வடிகட்டியில் பொடியைப் போட்டுத் தட்டித் தட்டி, சுழன்றுகொண்டிருக்கும் தண்ணீரில் மெல்லத் தூவுங்கள். அப்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பஞ்சு மாதிரிப் பறக்கும் பொடி அது. தூவி முடித்ததும் மூடி வைத்து ஓர் இரவு ஊறவிடுங்கள். அவசரப்பட்டு மிக்ஸியில் அடிக்க வேண்டாம்.

வெற்று ஜெல் கண்ணாடி மாதிரி இருந்து மூலிகை ஜெல்லில் மட்டும் கட்டி தெரிந்தால் அது கார்போபால் இல்லை. ஒரு கட்டியை எடுத்து இரண்டு ஸ்லைடுகளுக்கு நடுவே வைத்துத் தேயுங்கள். நிறமில்லாமல் வழுக்கினால் கார்போபால். பச்சையாகப் பிசுக்கென்று இழுபட்டாலோ நறநறவென்றிருந்தாலோ எக்ஸ்ட்ராக்ட். வேப்பிலையின் மெத்தனால் எக்ஸ்ட்ராக்டில் பச்சையமும் மெழுகும் நிறைய இருக்கும், தண்ணீரைக் கண்டதும் அவை பிரிந்து நிற்கும். எக்ஸ்ட்ராக்டை முதலில் புரோப்பிலீன் கிளைக்காலில் கரைத்து, வடிகட்டி, அப்புறம் சேருங்கள்.

உள்ளே நிறையக் காற்றுக் குமிழி

டீ.ஈ.ஏ. சேர்த்துக் கெட்டியான பிறகு வேகமாகக் கலக்கியதால் வந்தது. கலக்குவதையெல்லாம் கெட்டியாவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இருக்கிற குமிழிக்கு அல்ட்ராசானிக் பாத்தில் பத்து நிமிடம், இல்லாவிட்டால் சென்ட்ரிஃப்யூஜில் கொஞ்ச நேரம்.

ஜெல் தண்ணீராகிவிட்டது

அதிகம் வரும் புகார் இதுதான், காரணங்களும் இதற்குத்தான் அதிகம். எப்போது தண்ணீரானது என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

எக்ஸ்ட்ராக்ட் சேர்த்த உடனே இளகியது என்றால் இரண்டு சந்தேகம். ஒன்று பிஎச், இன்னொன்று உப்பு. கார்போபால் இழைகள் அமிலத்தில் சுருண்டு கிடக்கும். தண்ணீரில் ஊறவைத்த வெறும் கார்போபாலின் பிஎச் 3 பக்கம் இருக்கும், பால் கலங்கல் மாதிரி ஓடும். டீ.ஈ.ஏ. சேர்த்ததும் இழைகளில் எதிர்மின்னேற்றம் ஏறி, ஒன்றையொன்று தள்ளி விரிந்து, தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அதுதான் ஜெல். பல எக்ஸ்ட்ராக்டுகளுக்கு அமிலத்தன்மை உண்டு. சேர்த்ததும் பிஎச் இறங்கும், இழைகள் திரும்பச் சுருளும்.

உப்பு செய்வது வேறு. ஒரு ஸ்பூன் வெற்று ஜெல்லை வாட்ச் கிளாஸில் வைத்து, மேலே நாலு பருக்கை சமையல் உப்பைத் தூவிப் பாருங்கள். உப்பு விழுந்த இடத்தைச் சுற்றி முதலில் ஒரு பளபளப்பு வரும். பிறகு அந்த இடம் குழிந்து, குழியில் தண்ணீர் நிற்கும். கொஞ்ச நேரத்தில் ஸ்பூன் ஜெல் கண்ணாடியில் ஓடத் தொடங்கிவிடும். உப்பின் அயனிகள் இழைகளின் மின்னேற்றத்தை மறைத்துவிடுகின்றன, தள்ளுவதற்கு விசை இல்லாமல் போகிறது. இதை ஒரு முறை கண்ணால் பார்த்த மாணவர் பிறகு உப்பை மறப்பதில்லை.

இரண்டில் எது என்று பிரிக்க, இளகிய ஜெல்லில் கொஞ்சம் எடுத்து இரண்டு சொட்டு டீ.ஈ.ஏ. விட்டுக் கலக்குங்கள். கெட்டியானால் பிஎச்தான் காரணம், மொத்தத்தையும் மெதுவாக 6க்குக் கொண்டுவந்துவிடலாம். அசையவே இல்லை என்றால் உப்பு. அங்கே மேலும் மேலும் டீ.ஈ.ஏ. ஊற்றிக்கொண்டே போகாதீர்கள். அளவு மீறினால் அதுவே ஜெல்லை இளக்கும், தோலுக்கும் ஆகாது.

கற்றாழை சேர்த்தவர்கள் சிக்குவது பெரும்பாலும் உப்பில்தான். கற்றாழைச் சோற்றில் பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் எல்லாம் இருக்கின்றன. அளவைக் குறையுங்கள், இல்லையென்றால் கார்போபாலையே விட்டுவிட்டு ஹெச்.பி.எம்.சி.க்கோ ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸுக்கோ (இரண்டும் செல்லுலோஸிலிருந்து செய்யும் கெட்டியாக்கிகள்) போய்விடுங்கள். அவற்றுக்கு மின்னேற்றம் இல்லை, உப்பு அவ்வளவாக ஒன்றும் செய்யாது. பளிங்கு மாதிரித் தெளிவு கொஞ்சம் குறையும். கற்றாழை நிறைய வேண்டுமென்றால் என் ஓட்டு ஹெச்.பி.எம்.சி.க்குத்தான். கட்டுரைகளில் எல்லாரும் கார்போபால் போடுகிறார்கள் என்பதற்காக நீங்களும் போட வேண்டியதில்லை.

செய்தபோது நன்றாக இருந்து இரண்டு மூன்று வாரத்தில் இளகினால், பாட்டிலை எங்கே வைத்தீர்கள் என்று பாருங்கள். ஜன்னலோரம், வெள்ளைக் கண்ணாடி பாட்டில் என்றால் வெயில் கார்போபால் இழைகளை அறுத்துவிட்டது. இரும்புத் துணுக்கு கலந்திருந்தால் இன்னும் வேகமாக அறுக்கும். வெற்று ஜெல்லும் கூடவே இளகியிருக்கும், அதுதான் அடையாளம். வெளிச்சத்தைத் தடுக்கும் அம்பர் பாட்டில், இரும்பைப் பிடித்துவைக்கும் டைசோடியம் இ.டி.டி.ஏ. 0.05 சதவீதம், இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடைசியாக ஒன்று. ட்யூபில் கெட்டியாக இருக்கிறது, கன்னத்தில் தேய்த்ததும் தண்ணீராக ஓடுகிறது என்பார்கள். அது கோளாறே இல்லை. வியர்வையின் உப்பு பட்டு கார்போபால் இளகுகிறது. பிசுக்கில்லாமல் பரவுவதற்கு அதுவும் ஒரு காரணம். விட்டுவிடுங்கள்.

நிறம் மாறுகிறது

மஞ்சள் ஜெல்லில் டீ.ஈ.ஏ. சொட்டினால், சொட்டு விழுந்த இடத்தில் ரத்தச் சிவப்பாக ஒரு கீற்று ஓடும். முதல் தடவை பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்கிறதே, அதேதான். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் அமிலத்தில் மஞ்சள், காரத்தில் சிவப்பு. கலக்கியதும் கீற்று மறைந்து மஞ்சள் திரும்பிவிடும். நிறம் திரும்புகிறதே என்று நிம்மதியடைய வேண்டாம். காரத்தில் குர்குமின் நிறம் மாறுவதோடு நிற்பதில்லை, சிதையவும் செய்கிறது. பிஎச் 7.2 உள்ள பாஸ்பேட் கரைசலில் 37 டிகிரியில் அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு போய்விடும் என்பது 1997-லேயே பதிவான கணக்கு. ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் வெற்று ஜெல்லை 5.5-க்கோ 6-க்கோ கொண்டுவந்து முடியுங்கள். அதன் பிறகுதான் புரோப்பிலீன் கிளைக்காலில் கரைத்த மஞ்சள் எக்ஸ்ட்ராக்ட். வெளிச்சமும் குர்குமினுக்கு எதிரி, அதனால் அம்பர் பாட்டில் இங்கேயும் வேண்டும்.

கறுப்பு வேறு சங்கதி. கடுக்காய், பச்சைத் தேயிலை, மாதுளைத் தோல் மாதிரி டேனின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்த எக்ஸ்ட்ராக்டில் நீலக்கறுப்பு படர்ந்தால் இரும்பு எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவது இப்படித்தான்: கடுக்காயில் நனைத்த துணியில் இரும்பு ஊறிய கரைசல் படுகிறது. ஒரு முறை ஒரு மாணவியின் ஜெல்லில் ஒரே ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்தது. முனை துருப்பிடித்த ஸ்பேட்சுலாவை இரவெல்லாம் பீக்கரிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். கண்ணாடிக் கோலுக்கு மாறியதும் கறுப்பு வரவில்லை.

மேற்பரப்பிலிருந்து மெல்லப் பழுப்பேறி வந்தால் அது காற்றால் ஆன ஆக்சிஜனேற்றம், நறுக்கிய வாழைக்காய் மாதிரி. பாட்டிலை வாய்வரை நிரப்புங்கள், ட்யூபில் அடையுங்கள்.

நாற்றம், பூஞ்சை

புளித்த வாசம் வந்தால் பதப்பொருள் போதவில்லை. வீட்டில் வழித்தெடுத்த கற்றாழைச் சோறு சேர்த்த ஜெல்லில் இது சீக்கிரம் வரும். சோடியம் பென்சோயேட் போட்டு, ஜெல்லை பிஎச் 6-ல் வைத்திருந்தால் அது வேலை செய்யாது. பிஎச் 5-க்குக் கீழே இருந்தால்தான் அதற்குப் பலம். தோலில் போடுகிற மருந்துக்கு கிராமுக்கு 100 பாக்டீரியா, 10 பூஞ்சை என்பது மருந்தியல் நூல்கள் வைத்திருக்கும் வரம்பு. அதோடு ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸும் சூடோமோனாஸ் ஏருஜினோசாவும் அறவே இருக்கக் கூடாது. வேப்பிலையே கிருமிநாசினிதானே, பதப்பொருள் எதற்கு என்று கேட்காத மாணவர் இல்லை. பூஞ்சை பூத்த வேப்பிலை ஜெல் ஒன்றை அதற்காகவே பத்திரமாக மூடி வைத்திருக்கிறேன்.

நாற்றம் புளிப்பாக இல்லாமல் ஸ்பிரிட் நெடியாக இருந்தால் கரைப்பான் மிச்சம் இருக்கிறது. எக்ஸ்ட்ராக்டை மீண்டும் நன்றாக வற்ற வையுங்கள். மெத்தனால் என்றால் மிச்சம் 3000 பிபிஎம் தாண்டக் கூடாது.

ஊசி ஊசியாகப் படிகம்

ஃபிரிட்ஜில் வைத்து எடுத்ததும் மினுமினுப்பாக ஊசிகள் தெரிந்தால், அநேகமாகப் பாரபென். தண்ணீரில் அது லேசில் கரையாது. சூடாக்கிய புரோப்பிலீன் கிளைக்காலில் முழுக்கக் கரைத்த பிறகே தண்ணீரில் விடுங்கள். வெற்று ஜெல்லிலும் ஊசி இருக்கும், பாருங்கள்.

அளக்கும்போதெல்லாம் வேறு எண்

பிஎச் தாளில் பார்த்தால் மூலிகையின் நிறமே தாளில் ஏறிவிடும், 5-ம் 7-ம் ஒன்றுபோல் தெரியும். மீட்டரில்தான் பார்க்க வேண்டும். ஒரு கிராம் ஜெல்லை 100 மில்லி தண்ணீரில் கரைத்து இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு அளவெடுங்கள்.

விஸ்காசிட்டி, அதாவது ஜெல்லின் கெட்டித்தன்மை, தினம் ஒரு எண் காட்டினால் அதை அளக்கும் புரூக்ஃபீல்ட் கருவியைக் குறை சொல்வதற்கு முன் எந்த ஸ்பிண்டில், எத்தனை ஆர்பிஎம், எத்தனை டிகிரி என்று நோட்டில் இருக்கிறதா பாருங்கள். இந்த ஜெல் கலக்கக் கலக்க இளகும் வகை. 10 ஆர்பிஎம்மில் வருவதும் 100-ல் வருவதும் ஒரே ஜெல்தான் என்றால் நம்ப முடியாது. செய்த மறுநாள் அளப்பது நல்லது.

எல்லாம் ஒன்றாக வைத்தும் பேட்சுக்கு பேட்ச் நிறமும் பலமும் மாறினால் இலையைப் பாருங்கள். மார்ச்சில் பறித்த கொழுந்தும் ஆகஸ்ட்டில் பறித்த முற்றலும் ஒரே வேப்பிலை அல்ல. ஒரே தடவையில் பறித்து, நிழலில் உலர்த்தி, முழுப் புராஜெக்ட்டுக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். செடி எது என்ற சான்றை கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் (பி.எஸ்.ஐ.) மாதிரி இடத்தில் முதலிலேயே வாங்கிவிடுங்கள். ஜெல் முடிந்த பிறகு தூளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் யாராலும் சொல்ல முடியாது.

அகார் தட்டில் வளையமே இல்லை

கிருமி வளர்த்த அகார் தட்டில் குழி போட்டு ஜெல்லை வைத்தால், குழியைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் தெரிய வேண்டும். தெரியவில்லையா? முதலில், தட்டில் வளர்ந்திருப்பது நீங்கள் நினைக்கும் கிருமிதானா? பருவோடு சேர்த்துப் பேசப்படுவது குட்டிபாக்டீரியம் ஆக்னஸ். 2016 வரை அதற்குப் புரோப்பியோனிபாக்டீரியம் என்று பெயர். நம் ஊர்க் கல்லூரிகள் பெரும்பாலும் சண்டிகரில் உள்ள கிருமிச் சேமிப்பகத்திலிருந்து எம்டிசிசி 1951 என்ற எண்ணுள்ள கிருமியை வரவழைப்பார்கள். அதற்கு ஆக்சிஜன் ஆகாது, 37 டிகிரியில் 48 முதல் 72 மணி நேரமாவது வேண்டும். சாதாரண இன்குபேட்டரில், மறுநாள் காலையிலேயே தட்டு முழுக்க வெள்ளையாகப் படர்ந்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். வேறு ஏதோ புகுந்துவிட்டது. கிராம் சாயம் போட்டுப் பாருங்கள்.

மெழுகுவத்தி ஜாடியில் வைத்தேன் என்பார்கள். மெழுகுவத்தி அணைந்த பிறகும் ஜாடிக்குள் ஆக்சிஜன் தாராளமாக மிச்சம் இருக்கும். அது கரியமில வாயு விரும்பும் கிருமிகளுக்கான ஏற்பாடு. இதற்கு அனரோபிக் ஜாடியும் கேஸ் பாக்கெட்டும் வேண்டும். உள்ளே வைக்கும் மெத்திலீன் நீலப் பட்டை வெளுத்திருக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் மூடி கசிகிறது.

கிருமி சரி, ஜாடி சரி, அப்படியும் வளையம் இல்லை என்றால் மருந்துக்குப் பலம் இல்லை என்று உடனே எழுதிவிடாதீர்கள். குர்குமின் மாதிரித் தண்ணீரில் கரையாத பொருள் அகாருக்குள் நகராது, குழியிலேயே உட்கார்ந்துவிடும். ஜெல்லுக்குள் மாட்டிக்கொண்டால் இன்னும் மெதுவாகும். தட்டை ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஜாடிக்குள் வையுங்கள், அல்லது திரவ ஊடகத்தில் எம்.ஐ.சி. (கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு) பாருங்கள்.

வெற்று ஜெல்லுக்கும் வளையம் வருகிறது

இது வந்தால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன். பாரபென், புரோப்பிலீன் கிளைக்கால், எக்ஸ்ட்ராக்டைக் கரைத்த டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் எல்லாமே கிருமியைத் தடுக்கக்கூடியவை. மூலிகை ஜெல்லுக்கு 16 மில்லிமீட்டர், வெற்று ஜெல்லுக்கு 14 என்று வந்தால் மூலிகை செய்தது அந்த வித்தியாசம் மட்டும்தான், அதுவும் மூன்று தட்டிலும் அப்படியே வந்தால். வெற்று ஜெல் வைக்காதவர் 16-ஐ அப்படியே எழுதிக்கொண்டு போயிருப்பார். ஒப்பிட, பருவுக்குத் தரும் ஆன்டிபயாட்டிக்கான கிளிண்டமைசின் ஒரு சதவீத ஜெல்லும் வையுங்கள்.

மஞ்சள் எக்ஸ்ட்ராக்டில் ஓர் ஏமாற்று உண்டு. குழியைச் சுற்றி மஞ்சள் சாயம் ஊறியதை வளையம் என்று அளந்துவிடுவார்கள். தட்டைக் கவிழ்த்து, கறுப்புத் துணிமேல் பிடித்து, பின்பக்கமாகப் பாருங்கள். மஞ்சளுக்குள்ளும் கிருமிப் புள்ளிகள் இருந்தால் அது வளையம் அல்ல.

இன்னொன்று, பரு கிருமியால் மட்டும் வருவதில்லை. எண்ணெய்ச் சுரப்பு, துவாரம் அடைபடுவது, அழற்சி மூன்றும் சேர்ந்திருக்கிறது. தட்டில் வளையம் வந்தது என்பதற்கு "பருவைக் குணமாக்கும்" என்று அர்த்தம் இல்லை.

தோலில் எரிகிறது

மனிதத் தோலில் எதையும் தடவுவதற்கு முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், நண்பனின் கையாக இருந்தாலும். அனுமதி வந்தபின் ஒரு முழங்கை மடிப்பில் மூலிகை ஜெல், மற்ற முழங்கை மடிப்பில் வெற்று ஜெல், தினம் இரண்டு வேளை, ஒரு வாரம். இரண்டு கையும் எரிந்தால் பிஎச்சையும் டீ.ஈ.ஏ.வையும் பாருங்கள். மூலிகைக் கை மட்டும் என்றால் எக்ஸ்ட்ராக்ட். கற்றாழை என்றால் தோலை ஒட்டி வடியும் மஞ்சள் பால் கலந்திருக்கலாம். மடலை வெட்டி நிமிர்த்தி வைத்து, பால் முழுக்க வடிந்த பிறகு கழுவிச் சோற்றை எடுங்கள். டீ ட்ரீ எண்ணெய் என்றால் பாட்டிலைத் திறந்து எத்தனை மாதம் என்று கேளுங்கள். காற்றுப் பட்டுப் பழசான எண்ணெய்தான் ஒவ்வாமையை அதிகம் கிளப்பும்.

போட்டுப் பார்த்த எல்லாருக்கும் குறைந்துவிட்டது

புகார் மாதிரித் தெரியாத புகார் இது. பரு தானாக ஏறும், தானாக இறங்கும். பரு மிக மோசமாக இருக்கும் வாரத்தில்தான் ஒருவர் பரிசோதனைக்குப் பெயர் கொடுப்பார். எதைத் தடவினாலும் அடுத்த மாதம் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அதோடு தினம் இரண்டு வேளை முகம் கழுவத் தொடங்கியிருப்பார்.

டீ ட்ரீ எண்ணெயின் கதை இங்கே உதவும். 1990-ல் சிட்னியில் 124 பேருக்கு, 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லை வழக்கமான பரு மருந்தான 5 சதவீத பென்சாயில் பெராக்சைடோடு ஒப்பிட்டார்கள். இரண்டிலும் பரு குறைந்தது. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, தொந்தரவு குறைவு. ஆனால் மருந்தில்லாத மூன்றாவது குழு அதில் இல்லை, தானாக எவ்வளவு குறைந்திருக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. 2007-ல் வெளியான ஈரான் ஆய்வு ஒன்றில் 60 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தில்லாத போலி ஜெல் கொடுத்து, 45 நாள் பார்த்தார்கள். டீ ட்ரீ முந்தியது. என்னிடம் கேட்டால் இரண்டாவது ஆய்வைத்தான் அதிகம் நம்புவேன்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். அதே நிறம், அதே மணம், அதே ட்யூப். யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது. வெற்று ஜெல்லுக்கு மஞ்சள் நிறம் ஏற்றுவதுதான் இதில் தலைவலி. பருக்களை எண்ணுபவர் ஒரே ஆளாக இருக்கட்டும், ஒரே வெளிச்சத்தில் படம் எடுங்கள். சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு) பதிவை முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், பின்தேதியில் செய்ய முடியாது. விற்கிற எண்ணம் இருந்து ட்யூபில் "பருவைக் குணமாக்கும்" என்று அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால், அப்போது அது அழகுசாதனம் இல்லை, மருந்து. சித்த, ஆயுர்வேத மருந்துக்கான உரிமம் 25-டி படிவத்தில் வரும். லேபிள் அடிக்கக் கொடுக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.